ஒரே வீட்டில் இருவர்: ஐம்பதைக் கடந்தபின் ஓடுவதா, நடப்பதா?

வேலூர் கோட்டையைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களிடம் ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. நாற்பது வரை ஓடலாம். ஐம்பதானால் வேகமாக நடக்கலாம். அறுபதானால் மெல்ல நடந்தால் போதும். குதிப்பதெல்லாம் பிள்ளைகளின் வேலை. ஏன் என்று கேட்டால் எல்லோரும் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள். பிசியோதெரபிஸ்டாக இந்தக் கணக்கோடு நான் மோதாத வாரம் இல்லை. என் வாதங்கள் சாதிக்காததை ஒரே வீட்டிலிருந்து வந்த கணவன் மனைவியின் நிகழ்வு சாதித்தது. ஓடிக்கொண்டிருந்த கணவரின் ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது; அதற்குக் காரணம் அவருடைய வயதும் அல்ல, முழங்காலும் அல்ல. மெல்ல நடந்துகொண்டிருந்த மனைவியைக் குதிக்கவைக்க வேண்டியிருந்தது.

இருவரின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உடற்பயிற்சிக் கூடங்களில் லோ இம்பாக்ட், ஹை இம்பாக்ட் என்கிறார்கள். இங்கே அவற்றை அதிர்வு குறைந்த பயிற்சி, அதிர்வு மிகுந்த பயிற்சி என்று எழுதுகிறேன். நடக்கும்போது ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கும். பாதம் ஊன்றும் ஒவ்வொரு முறையும் தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப் போல ஒரு மடங்கு அல்லது சற்றே அதிகம். ஓடும்போது இரு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பிவிடுவதால் அந்த விசை இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகிறது. குதித்து இறங்கினால் இன்னும் கூடும். சைக்கிளிலும் நீச்சலிலும் இந்த மோதல் கிடையாது.

ஆனால் இதயத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. ரத்தினகிரி படிகளை நிற்காமல் ஏறுபவரின் பாதத்தில் அதிர்வு குறைவு. நெஞ்சோ படபடவென்று அடித்துக்கொள்ளும். நின்ற இடத்தில் பத்துமுறை குதித்துவிட்டு உட்காருபவரின் எலும்பில் அதிர்வு அதிகம், மூச்சு மாறியிருக்காது. அதிர்வு வேறு, தீவிரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் "வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யுங்கள்" என்ற அறிவுரை இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது. அந்த அறிவுரையால் இதயமும் இழக்கிறது, எலும்பும் இழக்கிறது.

கணவர்

வயது 62. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு சத்துவாச்சாரியில். இளமையில் கபடி ஆடியவர். அதன்பின் உடற்பயிற்சி என்று எதுவும் இல்லை. உயரம் 168 செ.மீ., எடை 81 கிலோ. சர்க்கரை நோய் வந்து 11 ஆண்டுகள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலாலும் எடுத்துக்கொள்கிறார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு ஸ்மார்ட் வாட்சும், தான் போட்டுக் கழித்த ஓட்டக் காலணி ஒரு ஜோடியும் தந்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கோட்டைப் பக்கம் நடந்தார். அடுத்த வாரமே தினமும் 5 கிலோமீட்டர் ஓடத் தொடங்கிவிட்டார். ஏழாவது வாரத்தில் வலது முழங்காலின் உட்புறம் வலித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலுக்கு மேல் நரம்பு இழுத்துப் பிடிப்பதுபோல் ஒரு விறைப்பு. எக்ஸ்ரேயைப் பார்த்த ஒருவர், "முட்டி தேய்ந்துவிட்டது, இனி மாடிப்படிகூட ஏறாதீர்கள்" என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்தச் சொல்லோடுதான் என்னிடம் வந்தார். உடன் மனைவியும் வந்து, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வாட்சைப் பற்றிக் கேட்டேன். 220-இலிருந்து வயதைக் கழித்தால் 158. அதில் எழுபது, எண்பது விழுக்காட்டையாவது தொட வேண்டும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். எவ்வளவு ஓடினாலும் வாட்ச் 110-ஐத் தாண்டவில்லை. "நான் சரியாக ஓடவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன் மேடம்," என்றார். மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டேன். "பேச்சே வராது."

மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. இதயத் துடிப்பு ஏறவிடாமல் தடுப்பதே அதன் வேலை. அதைச் சாப்பிடுகிறவருக்கு 220 கழித்தல் வயது என்ற சூத்திரமும் பொருந்தாது, இன்று பலரும் பயன்படுத்தும் 208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது என்ற சூத்திரமும் பொருந்தாது. இந்த வகை மாத்திரை எடுப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கையில் வாட்ச் கட்டியவர்களும் நிறையப் பேர். இரண்டும் ஒருவரிடமே இருக்கும்போது வாட்சின் எண்ணை நம்பி ஓட்டத்தைக் கூட்டுவது ஆபத்து. இவர்களுக்கு வாயே போதுமான அளவுகோல். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான தீவிரம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடும் தீவிரம். அவர் தினமும் கடும் தீவிரத்தில் ஓடிக்கொண்டிருந்தார், இதயப் பரிசோதனை எதுவும் இல்லாமல்.

முழங்காலைச் சோதித்தேன். வீக்கம் இல்லை, மூட்டு நன்றாக மடங்கியது, நீண்டது. எக்ஸ்ரேயில் இருந்தது தொடக்கநிலைத் தேய்மானம். இந்த வயதில் வலியே இல்லாத பலரின் எக்ஸ்ரேயிலும் இதே அளவைப் பார்க்கலாம். தொடைத் தசைதான் மெலிந்திருந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்போம். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. இவர் 11. ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தச் சொன்னேன். வலது காலில் ஐந்தாவது முறையே தடுமாறினார். தசை தயாராகும் முன்பே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்மீது ஓட்டத்தின் சுமை விழுந்திருக்கிறது. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண் பழக மாதங்கள் ஆகும். சர்க்கரை நோய் உள்ளவர்களின் தசைநாண் இயல்பாகவே விறைப்பாக இருக்கும் என்பதால் இன்னும் பொறுமை வேண்டும்.

இதுவரை பார்த்தவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. பிறகு காலணியைக் கழற்றச் சொன்னேன்.

வலது காலுறை கட்டைவிரலுக்குக் கீழே பழுப்பாகக் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து மெல்ல விலக்கினேன். உள்ளங்காலின் முன்பகுதியில் தடித்த கால் ஆணி. அதன் நடுவே மிளகைவிடச் சற்றுப் பெரிய துளையாக ஒரு புண், ஓரங்கள் வெளுத்து, உள்ளே ஈரமாக. காலணியைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சிறு சரளைக்கல் விழுந்து தரையில் உருண்டது. அவர் குனிந்து தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது எப்போது வந்தது?"

உணர்வைச் சோதிக்க 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை இருக்கிறது. அது வளையும் வரை பாதத்தில் அழுத்தினால் தெரிய வேண்டும். கட்டைவிரலிலும் முன்பாதத்திலும் அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "தொடுங்கள், சொல்கிறேன்" என்று காத்துக்கொண்டிருந்தார். இழை அதற்குள் நான்கு இடங்களைத் தொட்டுவிட்டு வந்திருந்தது.

முழங்கால் வலிக்காக வந்தவர் அவர். வலித்த முழங்காலால் அவருக்கு ஆபத்து இல்லை. வலிக்காத பாதத்தில்தான் ஆபத்து இருந்தது.

வேலூரில் இதைச் சொல்லும்போது பால் பிராண்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1946-இல் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அந்த அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகால்கள் ஏன் சிதைகின்றன என்று கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் இங்கும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாத பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சாதாரண அழுத்தமே புண்ணாகிறது என்று கண்டார். நமக்கு நீண்ட தூரம் நடந்தால் பாதம் வலிக்கும். நம்மை அறியாமலே ஊன்றும் இடத்தை மாற்றிக்கொள்வோம். உணர்வற்ற பாதம் மாற்றிக்கொள்ளாது. கடைசி அடியையும் முதல் அடியைப் போலவே ஊன்றும். பிற்காலத்தில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இதே விளக்கம் பொருந்தியது. இன்று தமிழ்நாடு முழுக்க எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மைக்ரோ செல்லுலார் ரப்பர் காலணி இந்த மண்ணில் நடந்த அந்த வேலையின் வழியாக வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 5 கிலோமீட்டர் மெதுவோட்டத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ மூவாயிரம் முறை தரையில் விழுகிறது. 81 கிலோ எடையில் ஒவ்வொரு முறையும் 160 கிலோவுக்கு மேல். நடுவே ஒரு சரளைக்கல், அது இருப்பதே தெரியாத பாதம்.

அவருக்காக எடுத்த முடிவு

அன்றே அவரைப் பாதப் புண் சிகிச்சைக்கு அனுப்பினேன். புண் ஆறும்வரை அந்தக் காலில் சுமை விழக்கூடாது, நீச்சலும் கூடாது. இதயத்துக்கு ஈ.சி.ஜி.யும், புண் ஆறியபின் டிரெட்மில் சோதனையும், கண்ணுக்கு விழித்திரைப் பரிசோதனையும் எழுதித்தருமாறு அவருடைய மருத்துவரைக் கேட்டுக்கொண்டேன். விழித்திரையில் புதிய இரத்த நாளங்கள் முளைத்திருக்கும் சர்க்கரை நோயாளி குதித்தாலோ மூச்சடக்கி எடை தூக்கினாலோ கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். அதிர்வைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முழங்காலோடு நின்றுவிடுகிறார்கள். கண் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நல்லவேளையாக இவருடைய விழித்திரையில் அப்படி எதுவும் இல்லை. இதயச் சோதனையும் சரியாக இருந்தது.

புண் ஆற ஒன்பது வாரம் ஆயிற்று. அதுவரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயிற்சி: தண்ணீர் நிரப்பிய பாட்டில்களோடு கைகளை முன்னும் மேலுமாகக் குத்துவது, காலை நீட்டித் தொடையை இறுக்குவது. கைகளால் மட்டும் செய்தாலும் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியதைப் பார்த்து அவருக்கே வியப்பு.

அதன்பின் சைக்கிள். மாடியில் கிடந்த பழைய சைக்கிளைக் கீழே இறக்கி, சக்கரங்களுக்குப் புது டயர் போட்டு, இருக்கையை உயர்த்தினோம். இந்த இருக்கை உயரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் இரண்டு காலும் தரையில் பதியும்படி இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி மிதித்தால் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி, முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். 'சைக்கிள் மிதித்தும் முட்டி வலிக்கிறது' என்ற புகார்களில் பல இருக்கையைச் சரிசெய்ததும் தீர்ந்துவிடும். மிதிகட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருந்தால் சரியான உயரம்.

விடியும் முன்பே கிளம்பிப் பெருமுகை வரை போய்த் திரும்புவார். முதலில் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம். ஆறு வாரம் கழித்து, ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோகும் வேகம், மூன்று நிமிடம் நிதானம் என்று மாற்றி மாற்றி. அதிர்வு ஏறக்குறைய இல்லை; ஆனால் இதயத்துக்கு ஓட்டத்தில் கிடைத்த வேலை குறையவே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியையோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சியையோ கேட்கிறது. கூடவே வாரம் இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி. 65-ஐத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் அது சேர்க்கிறது. ஓடித்தான் தீர வேண்டும் என்று எங்கும் இல்லை.

சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்தையும் சொல்லி வைத்தேன். கிளிமிபிரைடு எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். பீட்டா பிளாக்கர் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். மிஞ்சுவது வியர்வை மட்டும். கத்திரி வெயில் காலத்து வேலூரில் விடியற்காலையிலேயே எல்லோருக்கும் வியர்க்கிறது, அதில் எதை அடையாளம் காண்பது? ஆகவே கிளம்பும் முன் விரல் நுனியில் ஒரு சோதனை, சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம். வெறும் வயிற்றில் போவதில்லை.

"பாலாற்று மணலில் ஓடினால் மெத்தென்றுதானே இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டார். நல்ல கேள்வி. மணல் மோதலைக் குறைக்கும்; ஆனால் குதிகால் மணலுக்குள் அமிழ்வதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கூடுதலாக இழுபடும். அவருக்கு வலித்ததே அங்கேதான். உணர்வில்லாத பாதத்தோடு கண்ணாடிச் சில்லும் முள்ளும் புதைந்த ஆற்று மணலில் இறங்குவது அதைவிட மோசம். வேண்டாம் என்றேன்.

பெளர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகும் வழக்கம் அவருக்கு உண்டு. 14 கிலோமீட்டர், வெறுங்காலில். இதை நான் தடுத்தால் கேட்பாரா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே மனைவி முந்திக்கொண்டார். "அண்ணாமலையார் உங்கள் செருப்பைப் பார்க்க மாட்டார். கால் போனால் நான்தான் பார்க்க வேண்டும்." இப்போது எம்.சி.ஆர். காலணியோடு, பாதித் தூரத்தில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றி மனைவியை உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மீதியை நடக்கிறார்.

பாதத்தில் உணர்வு இருந்திருந்தால்?

அப்படியானால் அவரை ஓடவிட்டிருப்பேன். இதைத் தெளிவாகச் சொல்வது என் கடமை. இந்த நிகழ்வைப் படித்துவிட்டு 'பார், ஓடியதால்தான் வந்தது வினை' என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

ஓட்டம் முழங்காலைத் தேய்த்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு என்ன சொல்கிறது? உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காடு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2, போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3. ஸ்டான்ஃபோர்டில் 1984 முதல் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 19 ஆண்டுகள் கழித்து ஓட்டக்காரர்களில் 15 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 34 விழுக்காட்டினர். உடல்நலம் உள்ளவர்களே ஓடத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் கழித்துத்தான் இதைப் படிக்க வேண்டும். அப்படிக் கழித்தாலும், அளவான ஓட்டம் மூட்டை அழிக்கிறது என்று சொல்ல இடமில்லை.

ஆகவே அவர் வயதில், அவர் எக்ஸ்ரேயோடு, ஆனால் நல்ல பாதத்தோடு ஒருவர் வந்தால் என் வழி இதுதான். முதலில் இரண்டு மாதம் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வலு. ஒற்றைக் காலில் குதிகாலைப் பதினைந்து இருபது முறை உயர்த்த முடிகிறது, அரைமணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் வலி இல்லை என்றானபின் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போது லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் நீடித்தால் முந்தைய அளவுக்கு இறங்க வேண்டும். எடை குறைவதும் உதவும்: ஒரு கிலோ குறைந்தால் நடையில் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது. நம்மவருக்கு 81 கிலோ 76 ஆனது; முழங்கால் வலி மறைந்ததில் இதற்கும் தொடை வலுவுக்கும் சம பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

மனைவி

அவர் நோயாளியாக வரவில்லை. மூன்றாவது சந்திப்பில் நாற்காலியிலிருந்து எழும்போது வலது மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடது கையை மட்டும் ஊன்றியதைக் கவனித்தேன். என்னம்மா ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு ஆண்டுக்கு முன் மார்கழியில், வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும்போது வழுக்கிக் கையூன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள், எலும்பு கூடியது, அதோடு முடிந்தது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வயது 57. உயரம் 152 செ.மீ., எடை 47 கிலோ. 46 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. வீட்டிலேயே தையல். தினமும் ஒரு மணி நேரம் தோழிகளோடு பேசிக்கொண்டே நடை. முடிவில் கோட்டை எதிரே ஒரு தேநீர். குடும்பத்தில் உடலைப் பேணுகிறவர் என்று பெயர் வாங்கியிருப்பவர் இவர்தான். நடையை நான் குறை சொல்லவில்லை. சர்க்கரைக்கும் மனத்துக்கும் தூக்கத்துக்கும் அது நல்லது. ஆனால் ஒரு மணி நேரமும் மூச்சு சற்றும் மாறாமல், இடைவெளி இல்லாமல் பேச முடிகிறது என்றால் இதயத்துக்கு அது போதவில்லை. எலும்புக்கோ அது பழகிப்போன சுமை. எலும்பு புதிதாக ஒரு சுமை வந்தால்தான் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். விண்வெளியில் எடையற்று மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு போன்ற சுமை தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு குறைகிறது. நீச்சல்காரர்களுக்கும் தொலைதூரச் சைக்கிள்காரர்களுக்கும் இதயம் அருமையாக இருக்கும். ஆனால் எலும்பு அந்த அளவுக்கு வலுப்பெறுவதில்லை. கணவருக்குக் காப்பாக அமைந்த அதே பயிற்சி மனைவியின் எலும்புக்கு எதையும் தராது.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க மருத்துவர் சொன்னார். இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் முதுகெலும்பில் -2.3, இடுப்பில் -1.9. -1 முதல் -2.5 வரை எலும்பு அடர்த்திக் குறைவு, -2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. எண்ணளவில் இவர் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். ஆனால் சாதாரணமாக விழுந்தே ஒருமுறை எலும்பு முறிந்திருக்கிறது என்பது அந்த எண்ணைவிட உரத்த சாட்சி. மருந்து பற்றி முடிவெடுப்பது மருத்துவரின் வேலை; வைட்டமின் டி குறைவையும் அவர் சரிசெய்தார். முதுகெலும்பில் ஏற்கெனவே நசுங்கிய முள்ளெலும்பு ஏதும் இல்லை என்று எக்ஸ்ரேயில் உறுதியான பிறகே நான் வேலையைத் தொடங்கினேன். நசுங்கியிருந்தால் குதிப்பது கூடாது, முதுகை வளைத்துக் குனிவதும் கூடாது.

குதிக்க வேண்டியிருக்கும் என்றதும் அவர் முகம் மாறியது. கணவர் வண்டியை எடுக்க வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இருமினாலே கொஞ்சம் சிறுநீர் வந்துவிடுகிறது மேடம். குதித்தால் என்ன ஆகும்? அதனால்தான் வேகமாக நடக்கவும் மாட்டேன்."

பெண்கள் அதிர்வு மிகுந்த பயிற்சியைக் கைவிடுவதற்கு முழங்காலைவிட இதுவே பெரிய காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். பிள்ளை பெற்றவர்களிலும் மாதவிடாய் நின்றவர்களிலும் மிகப் பலருக்கு இது இருக்கிறது, சொல்பவர்கள் சிலரே. இடுப்புத் தளத் தசைகளைச் சரியாக இறுக்கித் தளர்த்தக் கற்றுக்கொண்டால் பெரும்பாலோருக்குக் குறையும். இவருக்கும் முதல் பயிற்சி அதுதான்: சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளிழுத்து, மூச்சைப் பிடிக்காமல், சில விநாடி வைத்திருந்து விடுவது. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடியே செய்தார்.

மாதவிடாய் நின்ற பெண்கள் குதித்தால் எலும்பு முறியாதா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் க்ரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வைச் சொல்வேன். எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள், வாரம் இரண்டு முறை அரைமணி நேரம், எட்டு மாதம். பெரும் எடை தூக்குதலும் குதித்து இறங்குதலும், நேரடி மேற்பார்வையில். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. மெல்லிய வீட்டுப் பயிற்சி செய்த மற்ற குழுவுக்குக் கூடவில்லை. எலும்பு முறிவு எதுவும் நேரவில்லை. மேற்பார்வையில் என்ற சொல்லை விட்டுவிட்டு இதைப் படிக்கக் கூடாது.

அவருக்கு முதல் இரண்டு மாதம் வலு மட்டும். நாற்காலியில் எழுந்து உட்காருவது. பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது. முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து மடங்கி, முதலில் கால் குடம், பிறகு அரைக் குடம். வாழ்நாள் முழுக்கக் குடம் தூக்கியவர். முதுகை வளைக்காமல் தூக்குவது மட்டுமே அவருக்குப் புதிது.

அடுத்து அதிர்வு, மிகச் சிறிய அளவில். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி, குதிகால்களை 'தொம்' என்று தரையில் விடுவது, பத்து முறை. இரண்டு வாரம் கழித்துத் தரையை ஓங்கி மிதித்து நடப்பது. பிறகு உட்காரும் மணைமேல் ஏறி, இரு கால்களும் ஒன்றாக ஊன்றுமாறு இறங்குவது. நான்காவது மாதத்தில்தான் உண்மையான குதிப்பு: ஒரு சாண்கூட வேண்டாம், முழங்காலை மடக்கி இறங்கினால் போதும். பத்துக் குதிப்பு, ஓய்வு, மறுபடி பத்து. வாரம் மூன்று நாள். எலும்புச் செல்கள் விரைவிலேயே பழகிவிடுவதால் நூற்றுக்கணக்கில் குதிப்பதில் கூடுதல் பலன் இல்லை. சில பத்துகளும் இடையே ஓய்வுமே தேவை. இடம் மொட்டை மாடி, தரை காய்ந்திருந்தால் மட்டும். பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பது தனிப் பயிற்சி. விழாமலிருப்பதுதானே எலும்புக்கு முதல் பாதுகாப்பு. நடையும் தொடர்கிறது, ஆனால் நடுவே இருபது நிமிடம் தோழிகளை விட்டு முன்னால் போக வேண்டும் என்பது நிபந்தனை.

நடைக்குழுவில் பேச்சு எழுந்தது. "அவரை ஓடாதே என்கிறார்களாம், அந்த அம்மாவைக் குதிக்கச் சொல்கிறார்களாம்." வந்து கேட்டவர்களுக்கு எல்லாம் நான் திருப்பிக் கேட்டது இவைதாம்: உங்கள் பாதத்தில் உணர்வு இருக்கிறதா? கடைசியாக எப்போது எலும்பு முறிந்தது, எப்படி? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கண் பார்த்தீர்களா? ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்? இருமினால் சிறுநீர் கசிகிறதா? பிறந்த ஆண்டை யாரிடமும் முதலில் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்குப் பின்

கணவரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8.4 விழுக்காட்டிலிருந்து 7.3 ஆகியிருக்கிறது. எழுந்து உட்காருவதில் 11 இப்போது 16. புண் மீண்டும் வரவில்லை. இறகுப்பந்து ஆடலாமா என்று கேட்டார். முன்பாதத்தில் திடீரென்று திரும்பி நிற்கும் ஆட்டம் அது, உங்களுக்கு வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டார், மனமில்லாமல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதச் சோதனை. தினமும் இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. காலணியை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுவது.

மனைவி இடது காலில் 6 விநாடி நின்றவர் இப்போது 22 விநாடி நிற்கிறார். இருமலில் கசிவு எப்போதாவதுதான். எலும்பு அடர்த்தி கூடியதா என்று இப்போதே சொல்ல முடியாது. ஓராண்டாவது போனபின் எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியும். கூடாவிட்டாலும் குறையாமல் நின்றால் இந்த வயதில் அது வெற்றியே.

கார்த்திகையில் சோளிங்கர் போக வேண்டும் என்கிறார்கள். யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். ஏறுவது இதயத்துக்கு வேலை. இறங்குவது தொடைக்கும் முழங்காலுக்கும். மனைவி இரண்டையும் படியிலேயே செய்யலாம், ஆனால் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளின் நெரிசலில் வேண்டாம், கைப்பிடியை ஒட்டி நடக்க இடம் கிடைக்கும் ஒரு வாரநாளில். கணவர் கோயில் படியில் காலணி போட முடியாது என்பதால் ரோப் காரில் போய்வருகிறார். தேதி குறித்துவிட்டார்கள்.